விரட்டக்காவும் ஓடாத ஐவரும்

பேருந்து நிலையத்தின் நேரக் காப்பாளர் அறையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஊழியர்கள் வாயில் அவள் விரட்டக்கா. இளம் வயதில் அவள் நல்ல கூடைப்பந்து ஆட்டக்காரி. பிறகு பயிற்சியாளரானாள். பணிமனைக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் மைதானத்தில் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் "விரட்டு" என்பதுதான். பந்து எதிராளி கையில் இருந்தால் மூச்சு விடாமல் விரட்டு. நம் கைக்கு வந்துவிட்டால், எதிராளி திரும்பிப் பார்ப்பதற்குள் விரட்டிக்கொண்டு போய்க் கூடையில் போடு. அவளுடைய ஆட்டத் திட்டம் மொத்தமும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும்.

பகலில் அவள் வேலை அதற்கு நேர்மாறு. கம்பி வைத்த சிறிய ஜன்னலுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதுவாள். ஜன்னலுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் காலில் சக்கரம். "ஏழாம் நம்பர் போயிடுச்சா?" என்பார்கள். "இப்பத்தான் போச்சு" என்பாள். ஒரு நாளைக்கு முந்நூறு பேராவது அவளிடம் பேசினார்கள். ஒருவரும் ஒரு வரிக்கு மேல் பேசியதில்லை.

வீடு மாடியில் இரண்டு அறை. அம்மா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அம்மாவின் கட்டிலைக் கழற்றிக் கொடுத்துவிட்ட பிறகும் அது கிடந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அந்த இடத்தில் எதையாவது வைக்கலாம் என்று பலமுறை நினைத்தாள். வைக்க எதுவும் இல்லை. சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டு, நின்றபடியே தட்டைக் கழுவி வைத்துவிடுவாள். உட்கார்ந்து சாப்பிட்டால் எதிரில் யாரும் இல்லை என்பது தெரிந்துவிடும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்பு, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்த எட்டுப் பெண்களைச் சேர்த்து அவள் ஓர் அணி உண்டாக்கினாள். எட்டுப் பேரும் இருபதிலிருந்து இருபத்து நான்கு வயதுக்குள். பணிமனைகளுக்கு இடையிலான கோப்பையை மூன்று வருடம் தொடர்ந்து வாங்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் எட்டுப் பேரும் மாடி ஏறி வந்து சுவரோரமாகக் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். அம்மா, "என்னடி, இது வீடா, வண்டி நிக்கிற இடமா?" என்று கேட்டுக்கொண்டே டீ போடுவாள். பிறகு ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்கு மாற்றல், ஒருத்திக்கு வேறு வேலை. கல் விழுந்த மரத்துக் குருவிகள் மாதிரிப் போய்விட்டார்கள். பெண்கள் அணி என்று ஒன்று இருந்ததே நிர்வாகத்துக்கு மறந்துபோயிற்று.

அந்த வருடம் யாரோ ஓர் அதிகாரிக்குத் திடீரென ஞாபகம் வந்து, அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டினார்கள். விருப்பமுள்ள பெண் ஊழியர்கள் பெயர் கொடுக்கலாம். கோப்பைக்கு இன்னும் ஏழு மாதம். விரட்டக்கா அன்று மாலை அலமாரியைத் திறந்து பழைய கோட்டுப் படங்களை வெளியே எடுத்தாள். கட்டம் போட்ட தாளில் வட்டங்களும் அம்புகளும். யார் வரப்போகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே திட்டம் தயாராகிவிட்டது. அளவு எடுக்காமலே தைத்து முடித்த சட்டை.

பெயர் கொடுத்தவர்கள் ஏழு பேர். அதில் தினமும் வந்தவர்கள் ஐந்து பேர்.

முதலாவது, பட்டறையில் இன்ஜின் பார்க்கும் மெக்கானிக். ஆறடி உயரம் என்பதால் நெட்டை என்று பெயர். உயரம் இருந்ததே தவிர, அவளால் ஓட முடியாது. மற்றவர்கள் ஒரு கூடையிலிருந்து எதிர்க்கூடைக்குப் போய்த் திரும்பும்போது இவள் அப்போதுதான் போய்க்கொண்டிருப்பாள். எதிரும் புதிருமாகக் கடக்கும் இரண்டு பேருந்தின் ஓட்டுநர்கள் மாதிரி அவர்களைப் பார்த்துக் கையை வேறு தூக்குவாள். அடுத்த இருவர் கண்டக்டர்கள். ஒருத்தி அண்ணி, மற்றவள் அவளுடைய நாத்தனார். வீட்டில் ஆரம்பித்த சண்டையை மைதானத்தில் தொடர்ந்து, திரும்ப வீட்டுக்கே எடுத்துப் போவார்கள். நான்காவது, வண்டிகளில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் செக்கிங் அம்மா. முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், ஐவரில் கொஞ்சமாவது ஆட்டம் தெரிந்தவள். ஐந்தாவது, முன்பதிவு கவுண்டரில் இருக்கும் கண்ணாடிக்காரி. பந்து தன் பக்கம் வந்தால் முதலில் கண்ணாடியைத்தான் பிடித்துக்கொள்வாள்.

இந்த ஐவரையும் வைத்துக்கொண்டு விரட்டக்கா மைதானம் முழுக்க விரட்டினாள். காலையிலிருந்து வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். இருபது நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?" என்பாள் நாத்தனார்.

"மூணாவது நம்பர் உக்காரக் கூடாது. மூணாவது நம்பர்தான் முதல்ல கிளம்பணும்" என்பாள் விரட்டக்கா.

பழைய அணியில் மூன்றாம் எண் அணிந்தவள் அம்பு மாதிரிக் கிளம்புவாள். அவளை விரட்டக்காவுக்கு மட்டும்தான் தெரியும். நாத்தனாருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு வங்கி ஊழியர் அணியோடு பயிற்சி ஆட்டம். அறுபத்தொன்றுக்குப் பத்தொன்பது என்று தோற்றார்கள். "இன்னும் வேகம் பத்தல" என்று சொல்லி மறுநாளிலிருந்து ஓட்டத்தைக் கூட்டினாள். மூன்றாம் நாள், எதிரே வந்தவளை விரட்டி மடங்கித் திரும்பிய செக்கிங் அம்மாவின் வலது முழங்காலில் சுள்ளி ஒடிந்தது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. சிமெண்ட் தரையில் உட்கார்ந்து முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தசைநார் கிழிந்திருக்கிறது, நான்கு மாதம் ஆட்டமே கூடாது என்றார் மருத்துவர்.

நான்கு நாள் கழித்து விரட்டக்கா அவள் வீட்டுக்குப் போனாள். ஒரே அறையில் தொலைக்காட்சி ஓடியது, பிள்ளைகள் கணக்குப் புத்தகத்துக்குச் சண்டை போட்டார்கள், மாமியார் காய் நறுக்கினாள், கணவர் யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். விரட்டக்கா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அத்தனை சத்தத்தை ஒரே வீட்டுக்குள் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"வலி எப்படி இருக்கு?"

"இருக்கு. பரவால்ல. அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நீங்க எங்களப் பாத்துச் சொல்லிக்கொடுக்கறதே இல்ல. எங்களுக்குப் பின்னாடி யாரோ நிக்கற மாதிரி, அவங்களப் பாத்துச் சொல்றீங்க. நான் ரெண்டு தடவ திரும்பிகூடப் பாத்தேன்."

விரட்டக்கா கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம்னு எங்க அத்த சொல்வாங்க. நாங்க வேல பாக்கற பொம்பளைங்க அக்கா. எங்ககிட்ட என்ன இருக்குன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் தன்னைச் சொன்னதும் நிமிர்ந்து, "ஆமாமா, நான் சொல்றதுதான்" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். விரட்டக்காவும் சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை. காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பழைய அணியின் கேப்டனுக்குத் தொலைபேசியில் பேசினாள். வேறு நாட்டில் இருந்த அவளோடு பேசி மூன்று வருடமாகியிருந்தது. எண் மாறாமல் இருந்ததே ஆச்சரியம்.

"அக்கா, நீங்களா? என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல, சும்மாதான். உன்னைக் கேக்கணும்னு தோணுச்சு. நம்ம டீம்ல ஓடினோமே, அத எப்படி உங்களுக்குப் பழக்கினேன்? எனக்கே மறந்துபோச்சு."

கேப்டன் கொஞ்ச நேரம் சிரித்தாள். "பழக்கினீங்களா? அக்கா, எனக்கு அந்த ஓட்டம் பிடிக்கவே பிடிக்காது. ஆட்டம் முடிஞ்சதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுப்பேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க அவ்வளவு ஆசையா இருந்தீங்க. எங்களுக்கு அப்ப இருபத்தோரு வயசு. அந்த வயசுல எந்தத் திட்டம் போட்டாலும் ஜெயிச்சிருப்போம்."

"மத்தவங்களும் அப்படித்தானா?"

"ரெண்டு மூணு பேருக்குப் பிடிச்சிருக்கும். சரி அக்கா, சின்னவன் கூப்பிடறான். அடுத்த வாரம் நானே பேசறேன்."

அடுத்த வாரம் அவள் பேசவில்லை. விரட்டக்காவும் எதிர்பார்க்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரோரம், அந்த எட்டுப் பேர் உட்காரும் இடத்தில், தானும் கால் நீட்டி உட்கார்ந்தாள். பதினெட்டு வருடமாக அவள் பத்திரமாக வைத்திருந்த ஒரே பொருள் அந்த ஓட்டம்தான். அதுவும் தன் ஒருத்திக்கு மட்டுமே சொந்தமாக இருந்திருக்கிறது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கால் மரத்துப்போனதும் எழுந்தாள்.

அந்த வாரம் பயிற்சி கிடையாது என்று சொல்லியனுப்பினாள். விடுமுறை நாளில் அண்ணி வேலை பார்க்கும் வண்டியில் ஏறி, கடைசி இருக்கையில் உட்கார்ந்து, முனைக்கு முனை நான்கு முறை போய் வந்தாள். காலை நேரம், எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். அண்ணி அதற்குள் நுழைந்து வந்துகொண்டே இருந்தாள். வேகம் என்று சொல்ல முடியாது. ஒருவர் தோள் திரும்பும் முன்பே அங்கே இடம் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. மேலே சாய்கிறவர்களைக் கண்டு கூசவில்லை. வண்டி திடுமென்று நின்றபோது எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். அவள் மட்டும் ஒரு காலை அகட்டி வைத்து நின்றாள்.

"என்னக்கா, என்னைக் கண்காணிக்கச் சொல்லி ஆர்டரா?" என்று கேட்டாள் அண்ணி.

"உன் வேலையப் பாரு. நானும் என் வேலையத்தான் பாக்கறேன்."

மறுநாள் மதிய இடைவேளையில் பட்டறைக்குப் போனாள். மேலே தூக்கி நிறுத்திய பேருந்துக்கு அடியில் நெட்டை நின்றிருந்தாள். இரண்டு கையும் தலைக்கு மேல். ஏதோ குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள். விரட்டக்கா அங்கே நின்ற இருபத்தைந்து நிமிடத்தில் அந்தக் கைகள் ஒரு முறைகூடக் கீழே இறங்கவில்லை. முன்பதிவு கவுண்டர் கண்ணாடிக்காரியிடம் பெரிதாகப் பார்க்க ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து, வரிசையில் யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் தன் வேகத்திலேயே தட்டச்சு செய்தாள். பதற்றப்படத் தெரியாதவள் என்று மட்டும் குறித்துக்கொண்டாள்.

அதன் பிறகு புதுத் தாளில் வரையத் தொடங்கினாள். இந்த முறை அம்புகளை முதலில் போடவில்லை. ஒவ்வொருத்தியாலும் எது முடியும் என்று எழுதிக்கொண்டு, அதற்குத் தகுந்த மாதிரி அம்பு போட்டாள். பாதி நாள் ஒரு அம்புகூட வரவில்லை. ஓடாமல் ஆடுவது எப்படி என்பது அவளுக்கே தெரியாது. நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்துப் படித்தாள். ஐம்பத்தொரு வயதில் அரிச்சுவடி.

திட்டம் கடைசியில் இப்படி வந்தது. பந்து கைக்கு வந்தால் இருபத்து நான்கு நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பது விதி. முன்பெல்லாம் ஏழு நொடிக்கு மேல் எடுத்தால் திட்டுவாள். இப்போது பதினைந்து நொடி வரை யாரும் எறியவே கூடாது. நெட்டை நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். அந்த உயரத்தில் அவள் கையிலிருக்கும் பந்தை யாராலும் பறிக்க முடியாது. அண்ணியும் நாத்தனாரும் அவளுக்கு இரண்டு பக்கமும் கூட்டத்துக்குள் நுழைந்து போவார்கள். கண்ணாடிக்காரி இடது மூலையில் ஒரே இடத்தில் நின்று, பந்து வந்தால் எறிவாள், வராவிட்டால் நிற்பாள். செக்கிங் அம்மாவின் இடத்துக்கு அலுவலக உதவியாளர் ஒருத்தி வந்தாள். அதிகம் பேசாதவள், சொன்னதைச் செய்வாள். பந்து எதிராளியிடம் இருந்தால் யாரையும் துரத்த வேண்டாம். ஐந்து பேரும் கூடையைச் சுற்றி வீட்டு வாசலை அடைத்த மாதிரி நின்றால் போதும்.

முதல் நாள் பயிற்சியில் பழக்கதோஷத்தில் வாய் திறந்து, "விர..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"என்னக்கா, விரல்ல அடிபட்டுடுச்சா?" என்றாள் நாத்தனார்.

எல்லோரும் சிரித்தார்கள். "நடங்கடி" என்றாள் விரட்டக்கா. அந்தச் சொல் அவளுக்கே விநோதமாகக் கேட்டது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அண்ணி பந்து தர, நாத்தனார் பார்க்க மாட்டாள். நாத்தனார் தர, அண்ணி வேண்டுமென்றே கோட்டைவிடுவாள். ஒரு நாள் இருவரையும் நிறுத்தி, "வீட்டுல ஒருத்தர் பாக்காமலே இன்னொருத்தர் எங்க நிக்கறாங்கன்னு தெரியுமா தெரியாதா?" என்று கேட்டாள். "தெரியாம என்ன? சமையல்கட்டுல இடிச்சுக்காம நடக்க வேணாமா?" என்றாள் அண்ணி. "அதத்தான் இங்கயும் கேக்கறேன்." அதற்குப் பிறகு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பந்தை மாற்றிக்கொண்டார்கள். சண்டை மட்டும் அப்படியே தொடர்ந்தது. ஐந்தாம் மாதம் செக்கிங் அம்மா ஊன்றுகோலோடு வந்து கோட்டுக்கு வெளியே உட்காரத் தொடங்கினாள். எதிரணியில் யாருக்கு எந்தக் கை வாகு, யார் பொய்யாக அசைந்து ஏமாற்றுவார்கள் என்று அவள் சட்டென்று சொல்லிவிடுவாள். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவள்.

கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களை மூன்று புள்ளி, ஐந்து புள்ளி என்று ஜெயித்தார்கள். பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். அரையிறுதியில் எதிரே வந்தது தலைமைப் பணிமனை அணி. எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயது. அவர்கள் உடல் சூடேற்ற ஓடுவதை விரட்டக்கா நின்று பார்த்தாள். அதே ஓட்டம். திரும்பும்போது பழைய மூன்றாம் நம்பர் மாதிரியே ஒரு கையை வீசிக்கொண்டு ஒருத்தி. அவர்களுடைய பெஞ்சில் போய் உட்கார்ந்தால் தன் திட்டத்தை நாளைக்கே ஆட வைக்கலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெண்கள் விரட்டினார்கள். அண்ணியையும் நாத்தனாரையும் இரண்டு மூன்று பேராக மொய்த்தார்கள். காலை நேரக் கூட்டத்தில் பிழைக்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. கடைசிக் கால் பகுதியில் இளம் பெண்களே மூச்சு வாங்கினார்கள். முப்பத்தைந்து நொடி மிச்சம் இருந்தது; ஒரு புள்ளி பின்னால்; பந்து நம் பக்கம். விரட்டக்கா இடைவேளை கேட்டாள்.

ஐவரும் வந்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பேசினாள். "கண்ணாடிகிட்டதான் பந்து போகும்னு நினைச்சு ரெண்டு பேர் அங்க ஓடுவாங்க. அப்ப நடு காலி. நெட்ட, நீ என்னைப் பாக்காத. இவ பின்னாடி வருவா, இவகிட்ட குடு."

"அந்த ஒம்பதாம் நம்பர் இடது பக்கம்தான் சாயறா" என்று பெஞ்சிலிருந்து சொன்னாள் செக்கிங் அம்மா. தலைகள் அவள் பக்கம் குனிந்தன. நாத்தனார் ஏதோ கேட்டாள், நெட்டை பதில் சொன்னாள். விரட்டக்கா அந்த வட்டத்துக்கு வெளியே, ஒரு கையில் துண்டும் ஒரு கையில் தண்ணீர் பாட்டிலுமாக நின்றாள். அவள் சொல்ல நினைத்ததையெல்லாம் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

"சரிதானே அக்கா?" என்று கேட்டாள் அண்ணி, பாதி திரும்பியபடி.

"சரிதான்."

இருபது நொடி பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மூலைக்கு இரண்டு பேர் ஓடினார்கள். நெட்டை யாரையும் பார்க்காமல் பின்னால் விட்டாள். நாத்தனார் அங்கே இருந்தாள். நாற்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்று. அந்தப் பெண்கள் பாய்ந்து வந்து எறிந்த கடைசிப் பந்து கூடையின் வளையத்தில் பட்டுத் தெறித்தது. நெட்டையின் இரண்டு கையும் ஏற்கெனவே மேலேதான் இருந்தன.

எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். விரட்டக்காவையும் இழுத்து நடுவில் விட்டார்கள். பத்து நிமிடத்தில் ஒவ்வொருத்திக்கும் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், மாமனாருக்கு மாத்திரை, ஆறே காலுக்கு மாலை டூட்டி. வாசலில் நின்று அவள் ஒவ்வொருவரையும் அவரவர் வண்டியில் ஏற்றிவிட்டாள். எந்த வண்டி எப்போது என்று அவளுக்குத்தான் தெரியுமே.

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது ஒன்று உறைத்தது. தொண்டை வலிக்கவில்லை. அவள் வாழ்க்கையில் ஆட்டம் முடிந்த எந்த மாலையும் தொண்டை கட்டாமல் இருந்ததில்லை, வீட்டில் சைகைதான். இன்றைக்குக் குரல் முழுசாக, காலையில் எடுத்துப் போனபடியே, திரும்பி வந்திருந்தது. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. தட்டில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, தரை வெளுத்திருந்த இடத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்து, முதல் நிமிடத்திலிருந்து ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினாள். சத்தமாக அல்ல, சாதாரணமாகப் பேசுகிற மாதிரி. யார் யாருக்குக் கொடுத்தாள், எங்கே தடுமாறினார்கள், அண்ணி என்ன சொன்னாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. சோறு ஆறிப்போயிருந்தது.

இறுதி ஆட்டத்தில் பதினொரு புள்ளியில் தோற்றார்கள். எதிரணியில் நெட்டையைவிட உயரமானவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்; அதற்கு அவளிடம் மருந்து இல்லை.

கோப்பை முடிந்தும் அணி கலையவில்லை. செக்கிங் அம்மா கால் தேறி வந்தாள். இனி ஆட மாட்டேன், பெஞ்சில் உட்கார்ந்து சொல்கிறேன் என்றாள். தன்னுடைய வார விடுமுறையில் வீட்டுக்கு வரச் சொல்லி விரட்டக்காவை வற்புறுத்தினாள். அவள் இரண்டு முறை போனாள். மாமியார் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினாள், பிள்ளைகள் கணக்குக் கேட்டார்கள். மூன்றாம் முறை தலைவலி என்று சொல்லிவிட்டாள். தலை வலிக்கவில்லை. அந்தச் சத்தத்திலிருந்து தன் மாடிப்படிக்குத் திரும்பி வருவதுதான் அவளால் முடியவில்லை.

"சரி, அடுத்த வாரம்?" என்று ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று கேட்டாள் செக்கிங் அம்மா. பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா வர்றேன்னு அர்த்தமா, வரலேன்னு அர்த்தமா? தெளிவா சொல்லுங்க, நான் நகர மாட்டேன்."

வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். விரட்டக்கா பதிவேட்டைப் பார்த்தாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம்தான் இருப்பேன்" என்றாள்.

"கொஞ்ச நேரம் இருங்க, போதும்" என்று சொல்லிவிட்டுச் செக்கிங் அம்மா, கிளம்பிக்கொண்டிருந்த பன்னிரண்டாம் எண் வண்டியை நோக்கி, இன்னும் லேசாகச் சாய்ந்த நடையில் போனாள். விரட்டக்கா அந்த வண்டியின் நேரத்தைக் குறித்துவிட்டு, அடுத்தவர் என்ன கேட்கிறார் என்று நிமிர்ந்தாள்.